கடைவாய்க்குப் பூசிய சுண்ணாம்பு

செக்காலை,
வியாழக்கிழமை.

கொத்தமங்கலம் மாப்பிள்ளை வீரபாண்டியனுக்கு, உங்கள் அக்காள் பொன்னுத்தாயியைக் கட்டிய மலையாண்டி கொத்தனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்காளும் மகள் ரேணுகாவும் சுகம். அங்கு எல்லோரும் சுகமாக இருக்கக் கோவிலூர் சாமி துணை நிற்கட்டும். போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்று யோசிப்பீர்கள். ஏழு நாளாக என் வாயில் தண்ணீர் நிற்கிறது, பேச முடியாது. ரேணுகாதான் இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

போன வருஷம் உங்கள் வீட்டுக் கிடா விருந்தில் நல்லி எலும்பைக் கடிக்க முடியாமல் நான் கன்னத்தைப் பிடித்தபோது, பந்தி பூராவும் கேட்கும்படி, "பல்லைப் புடுங்கச் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாக. மச்சானுக்கு ரசத்தை ஊத்துங்கப்பா!" என்றீர்களே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. வருகிற ஞாயிறு உங்கள் பேரன் காதுகுத்து. அதே பந்தியில், அதே கடைவாய்ப் பல்லால் எலும்பைக் கடித்துக் காட்டப்போகிறேன்!

போன வாரம் வலி தாங்காமல் கிடந்த என்னை ரேணுகா ஆட்டோவில் ஏற்றிப் பல் டாக்டர் கீர்த்தியிடம் கொண்டுபோனாள். சின்னப் பொண்ணு. பல்லைக் குடைந்து, வேரில் இருந்த சீழைக் கழுவி, உள்ளே வெள்ளையாக என்னமோ வைத்தது. என்னம்மா அது என்றேன். கால்சியம் ஹைட்ராக்சைடு என்றது. தமிழில் சொல்லும்மா என்றேன். "நீத்துன சுண்ணாம்புதாங்கய்யா, கிருமியைக் கொல்லும்" என்றது. மாப்ளே, நாற்காலியை விட்டு எந்திரிச்சே புட்டேன்! முப்பத்தெட்டு வருஷமா ஊரார் சுவருக்குப் பூசுற சாமான் என் வாய்க்குள்ளயே வந்து உக்காந்திருக்கு! கிளிஞ்சல் சுண்ணாம்பா, கல் சுண்ணாம்பா, எத்தனை நாள் ஊறுச்சு, கடுக்காய்த் தண்ணி விட்டீகளான்னு வரிசையாக் கேட்டேன். "டியூப்ல வருதுங்கய்யா, வாயைத் தெறங்க"ன்னு மேலே ஒரு மூடியை அடைச்சிருச்சு. "பதினஞ்சாம் நாள் வாங்க, இதை எடுத்துட்டு நிரந்தரமா அடைப்போம். அதுவரைக்கும் அங்குட்டுக் கடிச்சிராதீக" என்றது.

பூசின சுண்ணாம்பை எவனாவது சுரண்டி எடுப்பானா மாப்ளே? நாளாக நாளாகத்தானே இறுகும்? படிச்ச பொண்ணு, வேலை தெரியல. வீட்டுக்கு வந்ததும் சுவத்துல புதுப்பூச்சு இறுகறதுக்குத் தண்ணி காட்டுற மாதிரி மூணு வேளையும் மணிக்கணக்கா வாயில தண்ணியை நிறுத்தினேன். கறிக்கடையில கையைக் காட்டி அரைக்கிலோ கேட்டா ஆட்டுத்தலையைக் கொடுக்குறாரு. பக்கத்து வீட்டு விசாலி, ஐயா மௌன விரதம் இருக்காகன்னு கால்ல விழுந்துச்சு. நல்லா இரு ஆத்தான்னு வாயைத் திறந்தேன், பாவம், தலையெல்லாம் நனைஞ்சு போச்சு. ஆனா வலி சுத்தமா இல்லை! உங்க அக்கா முகத்துலயும் இந்த ஏழு நாளா அப்படி ஒரு களை. என் பல் தேறுன சந்தோஷம்தான்.

அதனால பதினஞ்சாம் நாளும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நல்லி எலும்பை எனக்குன்னு எடுத்து வையுங்க. காது குத்திக்கொள்ளும் பேரன் தொண்ணூறு வயதிலும் சொந்தப் பல்லோடு கரும்பு கடித்து வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மலையாண்டி

பி.கு.: எதற்கும் சோதித்துப் பார்ப்போம் என்று, மேலே உள்ளதை எழுதி முடித்ததும் ஒரு சீடையைக் கடித்தேன். மூடி பெயர்ந்து சுண்ணாம்பு பூராவும் நாக்குக்கு வந்துவிட்டது. இறுகவே இல்லை மாப்ளே, வச்ச அன்னைக்கு இருந்த மாதிரியே கொழகொழன்னு இருக்கு! டாக்டரிடம் ஓடினேன். "சுவத்துல நிக்கிறதுக்குப் பூசுறீக. நான் எடுக்கிறதுக்குத்தானேய்யா வச்சேன்? உங்களுக்குப் பல்லு வேணுமா, எலும்பு வேணுமா?" என்றது. பல்லுதாம்மா என்றேன். புதிதாக வைத்து, மறுபடி பதினைந்து நாள் சொல்லியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரசம், நீங்களே ஊற்றுங்கள். வாயில் தண்ணீர் நிறுத்தவும் வேண்டாமாம். இதையெல்லாம் உங்கள் அக்காளிடம் ஒரு மணி நேரம் விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "டாக்டர் கெடக்கு, நீங்க பாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்கிறாள்.