பைனாகுலரும் என் வலது காலும்

ஆவடி வட்டாரத்தில் ரயிலைத் தவறவிடுவதையே முழுநேரத் தொழிலாகச் செய்த ஒரே மனிதர் எங்கள் பைனாகுலர்தான். நிஜப் பேர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்ததால் உலகத்தை ஒற்றைக் கண்ணாலேயே எடை போடுவார்.

அந்தக் கோடையில் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே வழி, வேம்பும் சீமைக்கருவேலமும் மண்டிய காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். அவரோடு போனால் முக்கால் மணி. தனியாகப் போவதுதானே என்பீர்கள். டூத்பேஸ்ட் டியூப் நெளிந்து கிடந்தாலே கட்டில் மேல் ஏறுகிறவன் நான். அவ்வளவு பாம்பு பயம்.

பத்தடிக்கு ஒரு தரம் கையைத் தூக்குவார். பின்னால் வருகிறவன் சிலையாகிவிட வேண்டும். ஒருநாள் பரவசத்தோடு “எலுமிச்சை அழகி” என்றார். தலையைக் கோதிக்கொண்டு திரும்பினேன். பட்டாம்பூச்சி. ரயிலுக்கு நேரமாச்சே என்றால், “வண்டி பத்து நிமிசத்துக்கு ஒண்ணு வர்து நைனா. இது அப்டியா?” என்பார். இந்தத் தத்துவத்தை என் மேனேஜரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மே மாதம் ஆபீஸில் ஏற்கெனவே எனக்கு இரண்டு லேட். மூன்றாவது விழுந்தால் அரை நாள் லீவு காலி. துணிந்து அன்று அவரை முந்திக்கொண்டு நடந்தேன். வலது காலை எடுத்து வைக்கப் போகையில் பின்னாலிருந்து குரல்.

“அப்டியே நில்லு நைனா. உன் காலாண்ட கீது.”

எது என்று கேட்கவே வேண்டாம். ஒற்றைக் காலில் நின்றபடி தெரிந்த சாமிகளுக்கெல்லாம் மொட்டை வேண்டிக்கொண்டேன். என் தலையில் மிச்சமிருக்கும் முடிக்கு அது சுத்த மோசடி. டிபன் பாக்ஸை முழங்காலுக்கு நேராகப் பிடித்தேன். கொத்துவதானால் முதலில் சாம்பார் சாதத்தைக் கொத்தட்டும்.

அவர் வந்து குந்தி, என் செருப்புக் காலை இரண்டு கையாலும் ஏந்தி, ஓரமாக இறக்கி வைத்தார். அப்போது தரையில் கிடந்த சருகு ஒன்று எழுந்து பறந்தது. பக்கிக்குருவியாம். கூடு கட்டக்கூடத் துப்பில்லாமல் வெறுந்தரையில் முட்டையிடும் ஜீவன். என் எட்டாம் நம்பர் செருப்பு இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முட்டைகள்.

“பாம்புன்னு நெனச்சிட்டேண்ணே.”

“பாம்புன்னா தன்னைப் பாத்துக்கும். இது இன்னா பண்ணும்?”

பாதையை மறித்து முள் போடச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். இரண்டு வண்டி போயிற்று. என் அரை நாள் லீவு ஒரு குருவிக்குப் பேறுகால விடுப்பாயிற்று. அதற்கப்புறம் குஞ்சு பறக்கும்வரை தினமும் காலையில் அங்கேயே நின்று, போகிற வருகிறவரையெல்லாம் சுற்றிப் போகச் சொல்லித் திட்டு வாங்கினார் அந்த மனிதர்.

போன வருஷம் பைனாகுலர் மகள் வீட்டோடு போய்விட்டார். ரோடு போட்டாயிற்று, ஷேர் ஆட்டோ ஓடுகிறது. நான்தான் இன்னும் காட்டு வழியாக, தனியாக, நடுங்கிக்கொண்டே போகிறேன். முள்ளெல்லாம் மக்கிவிட்டது. பாதை நேராகத்தான் கிடக்கிறது. அந்த இடம் வந்ததும் வலது கால் மட்டும் தானாகச் சுற்றிப் போகிறது.