பதை காக்காவும் பழுத்த மட்டியும்

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு என் மகளின் மீன்தொட்டியில் பதை நின்றது. அந்த நேரத்தில் நாகர்கோவிலில் வேறு யாருக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து வந்திருக்காது என்று இன்றும் நம்புகிறேன். முதலில் கர்த்தரைக் கூப்பிட்டேன். அடுத்து பதை காக்காவைக் கூப்பிட்டேன். இருவரில் போனை எடுத்தவர் காக்காதான்.

மரம் மூச்சுவிடும் என்று சொல்பவர்கள் உலகத்தில் நிறைய இருக்கலாம். ஊரில் உள்ள மரத்தையெல்லாம் வாயால் ஊதி அதை உறுதிசெய்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் பக்கத்தில் நுரைக்குப் பதை என்று பெயர். கடல்மீன் வளர்க்கும் தொட்டியில் அதுதான் உயிர். தொட்டியின் மூலையில் ஓர் உயரமான குழாய் நிற்கும். அதன் அடியில் கட்டைவிரல் அளவு மரத்துண்டு. மோட்டார் அந்தத் துண்டுக்குள் காற்றை அழுத்தினால், மாவு மாதிரிப் பொடிக்குமிழிகள் கிளம்பும். அவை மீனின் அழுக்கையெல்லாம் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, பழுப்புப் பதையாக ஒரு கிண்ணத்தில் வழியும். கல் வைத்தால் குமிழி பெரிதாகிவிடும், அழுக்கு ஒட்டாது. மரம்தான் வேண்டும். அந்த மரத்துண்டைக் கையால் செய்து தருபவர் கோட்டாற்றில் கடை வைத்திருந்த காக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. மீன்கடை என்று பெயர்ப்பலகை இருக்கும். உள்ளே நான்கு மீனும் நாற்பது வகை விறகும் இருக்கும்.

தொட்டி வைக்க முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், தொட்டியைப் பார்க்கவே இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் காலில் வாயை வைத்து ஊதினார்.

"காக்கா, என்ன செய்யிய?"

"ரப்பர் மரத்துத் தடியாக்கும் டீச்சர். நல்லா மூச்சு விடுது. இதில போயி உக்காந்திருக்கியளே!"

மரத்துக்கு மூக்கும் உண்டு, முதுகும் உண்டு என்பார். நரம்பு ஓடும் திசையில் காற்று வெளியே போகவேண்டும், குழாய் சொருகும் ஓட்டையைக் குறுக்கே போடவேண்டும். மாற்றிப் போட்டால் மரம் முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். செய்த ஒவ்வொரு துண்டையும் உப்புத்தண்ணீர் டம்ளரில் முக்கி, கன்னம் உப்ப அவரே ஊதிப் பார்த்த பிறகுதான் கொடுப்பார். ஒருநாள் அவர் மனைவியின் சப்பாத்திக் கட்டையைக் காணவில்லை. மறுவாரம் அது பதினான்கு துண்டுகளாகப் பதினான்கு வீட்டுத் தொட்டிகளில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அதன்பின் பல நாள் தோசைதான்.

ஒருமுறை மூச்சிரைக்கிறது என்று டாக்டரிடம் போனார். டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன ஊதுதீரு? பீடியா, சிகரெட்டா?"

"அயனி, பலா, மட்டி. ரப்பர் எப்பமாவது."

டாக்டர் குழாயைக் கழற்றிவிட்டு மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினாராம். காக்கா அந்த மருத்துவரையும் விடவில்லை. இரண்டு மாதத்தில் அவர் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்துவிட்டார்.

என் வீட்டுத் தொட்டி மகள் ஜெமியுடையது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது, அவள் என்னிடம் விட்டுச்சென்றது இரண்டு ஆரஞ்சு மீன்களை மட்டும்தான். ஒன்றின் பெயர் ரசம், இன்னொன்று வடை. "இதுகள மட்டும் பாத்துக்கம்மா" என்றாள். மரத்துண்டை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். "வந்து மாத்தட்டா டீச்சர்?" என்று காக்கா ஒவ்வொரு மாதமும் கேட்பார். கடைசி இரண்டு மாதமும், "நல்லாத்தானே ஓடுது காக்கா" என்று சொல்லிவிட்டேன். ஓடுகிற பொருளை மாற்ற எனக்கு மனம் வராது.

அந்தச் சனிக்கிழமை துண்டு முழுக்க அடைத்துப்போயிற்று. ரசமும் வடையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஜெமி நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள்.

"அவ வாரதுக்குள்ள ரெண்டும் செத்திரும் காக்கா!"

"ஒண்ணும் ஆவாது. நான் தேங்காய்ப்பட்டணத்தில தங்கச்சி வீட்ல நிக்கேன். வர ரெண்டு மணிக்கூர் ஆவும். அதுவரைக்கும் கப்பில தண்ணியக் கோரி, டீ ஆத்துத மாதிரி மேல இருந்து ஊத்துங்க. பின்ன ஒரு மட்டி வாங்கி வையுங்க, எங்கிட்ட தீந்துபோச்சு. பச்ச வேண்டாம் கேட்டியளா? நல்ல மூத்ததாப் பாத்து."

இருபத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவள் நான். தெருமுனைப் பழக்கடைக்கு ஓடி, நன்றாகப் பழுத்த மட்டி வாழைக்குலை ஒன்றை முழுதாக வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். மட்டிப்பழத்தில் பொட்டாசியம் உண்டு, கடல்நீரிலும் பொட்டாசியம் உண்டு, இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும் என்று வழியிலேயே நிரூபித்தும் முடித்திருந்தேன். பிறகு ஒரு கையால் தண்ணீர் ஆற்றினேன், மறு கையால் பழத்தைத் தடவிப் பார்த்தேன். அவருக்குப் பதை தொழில் என்றால் எனக்குப் பதைபதைப்பு தொழில். இதை எழுதும்போதுகூட வலது தோள்பட்டை வலிக்கிறது.

ஒன்றே முக்காலுக்கு, வியர்த்து வழிய, கருவிப் பையோடு காக்கா வந்து நின்றார்.

"மட்டி எங்க டீச்சர்?"

குலையைக் காட்டினேன். அவர் குலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்மோ! மட்டித் தடியில்லா கேட்டேன்! தீக்குச்சி செய்ய மாட்டாவளா, அந்த மரம்!"

"மூத்தது வேணும்னு நீங்கதான சொன்னிய!"

"மரம் மூக்காதா டீச்சர்?" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்தது. ஆனால் தொட்டிப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. வடை பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

அடுத்த இரண்டு நிமிடம் என் சமையலறை ஒரு காவல்துறைச் சோதனைக்கு உள்ளானது. காய் வெட்டும் பலகையை மோந்தார். "உள்ளி மணக்குது, மீனுக்குக் கண்ணு எரியும்." தோசைத் திருப்பியின் மரப்பிடியை ஊதினார். "மூக்கடைப்பு." கடைசியில் என் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்ததும் கரும்பலகை அழிக்கிற டஸ்டர் விழுந்தது. மெலிந்த வெள்ளை மரக்கட்டை. எடுத்து முனையில் வாயை வைத்தார். முகம் மலர்ந்தது.

"டீச்சர்! இதாக்கும் மட்டி!"

"அது பள்ளிக்கூடத்து டஸ்டர் காக்கா! சாக்குப் பொடியெல்லாம் ஒட்டியிருக்கும்!"

"சாக்குப் பொடி எதுல உள்ளது?"

"கால்சியம் கார்பனேட்."

"சிப்பி எதுல உள்ளது?"

"அதுவும்..."

"பின்ன எதுக்குச் சலம்புதிய? ரம்பத்தப் பிடிங்க."

அறுத்தார், குறுக்கே துளைத்தார், குழாயைச் சொருகினார், டம்ளரில் முக்கி ஊதினார். பொடிக்குமிழியில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. தொட்டிக்குள் வைத்த பிறகும் புதுமரம் ஊறிவர நேரம் பிடித்தது. அதுவரை இருவரும் மாறி மாறித் தண்ணீர் ஆற்றினோம். பசித்தபோது மட்டிப்பழம் உரித்தோம். குலையில் பாதி காலியான நேரத்தில் வடை நிமிர்ந்தது. குழாயில் முதல் பதை மெல்ல ஏறியது. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, பால் பொங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாலு மணிக்கு ஜெமி உள்ளே வந்தாள். ஈரத் தரை, மரத்தூள், பழத்தோல், பாதி டஸ்டர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் காக்கா எழுந்து நின்றார். ஒரு துண்டுக்குக்கூடப் பொய் உத்தரவாதம் தராத மனிதர் அவர்.

"என் தப்பாக்கும் மக்ளே. ரெண்டு மாசமா தடி மாத்த வர மறந்துபோனேன். அம்மா பாவம்."

ஜெமி அவரைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க மறக்க மாட்டிய காக்கா. இவதான் வேண்டாம்னு சொல்லியிருப்பா. கொஞ்சம் தள்ளி இருங்க ரெண்டு பேரும், எனக்கும் காணணும்."