அப்பாவின் மூளை

மூன்றாவது நாளாகப் பேராசிரியரின் கால் ஷூவுக்குள் போகவில்லை.

"வீங்கியிருக்குங்க. டாக்டரைப் பார்த்துடலாம்," என்றாள் மனைவி.

"யாரு, நானா?" என்று சிரித்தார். மூளை கூர்மையாக இருந்தால் உடம்பும் உரமாக இருக்கும், இரண்டும் ஒரே நல்ல வித்தின் விளைச்சல் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவர் அவர்.

தானே யோசித்தார். உடம்பில் தண்ணீர் பற்றவில்லை என்று தெரிந்தது. நாளுக்கு ஐந்து லிட்டர் குடித்தார். முகமும் வீங்கியது. உப்புச்சத்து குறைந்துவிட்டதாக்கும் என்று உப்பைக் கரைத்துக் குடித்தார். மூச்சு வாங்கியது. நுரையீரலுக்குப் பயிற்சி போதவில்லை என்று லிஃப்ட்டை விட்டுவிட்டு ஐந்து மாடி ஏறி வகுப்புக்குப் போனார். 'அறிவு, ஆரோக்கியத்தின் அடையாளம்' என்று பலகையில் எழுதிவிட்டு, அதன் கீழேயே விழுந்தார்.

"ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு," என்றார் டாக்டர். "இவ்வளவு தண்ணியும் உப்பும் எந்த முட்டாள் குடிக்கச் சொன்னான்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நாலே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் பிழைப்பார். மனைவிக்குச் சர்க்கரை நோய். பிள்ளைகள் இல்லை. மிச்சம் தம்பிதான்.

தம்பிக்கு வீட்டில் பெயர் மக்கு. பத்தாம் வகுப்பில் மூன்று தடவை கோட்டை விட்டு, லாரிப் பட்டறையில் சேர்ந்தவன். நாலு பிள்ளைகள். காய்ச்சல் என்று ஒருநாள் படுத்ததில்லை. நீதிபதியாக இருந்த அப்பாவின் மூளை முழுக்கத் தனக்கே வந்துவிட்டது என்று, அவன் எதிரிலேயே விருந்தாளிகளிடம் சொல்வார் பேராசிரியர்.

"சிறுநீரகம்னா என்னன்னு உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு..." என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"எப்ப வரணும்ண்ணே?" என்றான் தம்பி, கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.

சோதனைகள் முடிந்தன. மருத்துவமனை அதிகாரி எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிறுநீரகம் பொருந்துது. ஆனா படிவத்துல கூடப்பிறந்தவர்னு போட்டிருக்கீங்களே? உங்க ரெண்டு பேருக்கும் ரத்த சம்பந்தமே இல்லைன்னு சோதனை சொல்லுது. அதை மாத்தி எழுதணும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியரின் வெளுத்த முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் களை வந்தது.

"நான் அப்பவே நினைச்சேன்! எங்கப்பாவுக்கு இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறக்கும்? எங்கேயோ எடுத்து வளர்த்திருக்காங்க. நீ மனசை விட்டுடாதேடா. நான் வித்தியாசம் பார்க்க மாட்டேன்."

"சரிண்ணே," என்ற தம்பி, அதிகாரியிடம் திரும்பினான். "எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

அதற்குமேல் தம்பியின் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், அநாதை ஆசிரமத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தது இவரை இல்ல, உங்களை! தெரிஞ்சா நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்கன்னு மாமா சாகும்போது இவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."