வேலன், சின்னி என்று இரண்டு மாமரங்கள்

பாக் எக்ஸ்ரென்சன், மொன்றியல்
20.02.2006

என் தாய்மாமனின் மூத்த மகனும், என் மனைவி செல்வமலரின் ஒரேயொரு தமையனும், ஸ்காபரோ நகரில் சொந்த வீட்டோடும் சொல்வாக்கோடும் வாழ்பவருமாகிய மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு, இரவிச்சந்திரன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

நானும் உங்கள் தங்கையும் சுகமாக இருக்கிறோம். பனிதான் ஒரு கிழமையாக ஓய்வெடுக்காமல் கொட்டுகிறது. உங்கள் முழங்கால் நோவும் அக்காவின் பிரஷரும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரையாவது அவை இறங்கியே இருக்கவேண்டும் என்று பிள்ளையாரையும் வேண்டிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன்.

நேற்று நீங்கள் எங்கள் தொலைபேசியில் பதிந்துவிட்டிருந்த செய்தியை இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் சத்தம் மட்டும் விளங்கியது, இரண்டாம் தரம் சொல்லும் விளங்கியது, மூன்றாம் தரம் கேட்க மலர் விடவில்லை. பரம்பரைச் சீதன ஓலையை நூலகத்தில் தொங்கவிட்டு, பக்கத்திலேயே நாங்கள் அடிமை வைத்திருந்த குடும்பம் என்று பிரெஞ்சில் எழுதி ஒட்டி, ஊரெல்லாம் வந்து பார்க்க வைத்திருக்கிறேன் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது நடந்த விதத்தைக் கேட்டால் என்மீது பிழை இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓலை உங்கள் பக்கத்து ஓலை. மாமா வைத்திருந்தார், மலருக்குக் கொடுத்தார், மலர் கொண்டுவந்தாள். எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஆணி அடித்தது மட்டும்தான் எனக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம். என் அப்பாவின் பக்கம் முழுக்க ஸ்டேசன் மாஸ்டர்மாரும் தமிழ் வாத்திமாரும். எங்கள் வீட்டில் சொன்ன சொல் கேட்பதற்கு ஒரு ஆடுகூட இருந்ததில்லை, அடிமைக்கு நாங்கள் எங்கே போவது.

இதற்கெல்லாம் தொடக்கம் வலன்ரைன். என்னோடு துறைமுகத்துப் பக்கம் வெயார்ஹவுசில் வேலைசெய்கிறான், ஹெயிற்றிக்காரன், தங்கமான மனிதன். பன்னிரண்டு வருடமாக ஒரே மேசையில் மதியச் சாப்பாடு. அவனுடைய மிளகாய் போட்ட முட்டைக்கோவா ஊறுகாய் எனக்கு, என்னுடைய கத்தரிக்காய்க் குழம்பு அவனுக்கு. நான் வந்த புதிதில் பெயரைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்ட வீட்டுக்காரரை நான் சொல்லுவேன், அவன் தோலைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்ற வீட்டுக்காரரை அவன் சொல்லுவான். உலகத்தில் நடந்த அநியாயம் முழுவதையும் நாங்கள் இரண்டுபேரும் அந்த மேசையில் வைத்துப் பிரெஞ்சுக்காரனுக்குப் பாதி, ஆங்கிலேயனுக்குப் பாதி என்று பங்கிட்டுக் கொடுத்துவிட்டிருந்தோம். எங்களுக்கென்று ஒரு துண்டும் மிஞ்சவில்லை. அப்படியான பேச்சில்தான் நான் ஓலையைப் பற்றியும் அடிக்கடி பெருமையடித்தேன். ஒல்லாந்தன் போய் வெள்ளைக்காரன் வந்த புதிதில் எழுதிய எங்கள் ஓலை, அதில் எங்கள் தோட்டக்காணி இருக்கிறது, கிணறும் தண்ணீர் இறைக்கிற துலாவும் இருக்கிறது, அந்தக் காணியில் என் அம்மாவின் பங்கை விற்றுத்தான் எண்பத்தாறில் நான் விமானம் ஏறினேன் என்றெல்லாம் சொல்லியிருக்கிறேன். புள்ளி வைக்காத பழைய எழுத்து என்பதால் உங்களைப்போல நானும் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. வாசிக்காத வரைக்கும் பெருமைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

கறுப்பின வரலாற்று மாதம் என்று இங்கே பெப்ரவரியில் கொண்டாடுவார்கள். எங்கள் வட்டார நூலகத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம், நீயும் உன் ஓலையைக் கொண்டுவா என்று வலன்ரைன் கேட்டான். அவன் கொண்டுவந்தது அவனுடைய ஊர்க் கரும்புத் தோட்டம் ஒன்றின் பழைய கணக்குத்தாளின் நகல். அதில் அவன் மூதாதையின் பெயர் ஒரு வரியாக இருக்கிறது. நூலகத்தில் வேலைசெய்கிற பற்றிக் என்பவன், தங்க மூக்குக்கண்ணாடி போட்ட நல்ல பிள்ளை, இரண்டு கண்ணாடிச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட இடம் ஒதுக்கினான். ஓலையை வாசித்துக் குறிப்பு எழுத டவுன்டவுன் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் ஆராய்கிற அனுப்ரியா என்ற தமிழ்நாட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டிருந்தான். அது இரண்டாம் திகதி வியாழக்கிழமை பின்னேரம். அந்தப் பிள்ளை பூதக்கண்ணாடியை வைத்துக் காணியை வாசித்தது, கிணற்றை வாசித்தது, துலாவை வாசித்தது, இரண்டு எருதும் ஒரு பசுவும் என்று வாசித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைபோல நின்றேன். பிறகு அது மெல்லச் சொன்னது.

"அங்கிள், அடுத்ததா வேலன்னு ஒருத்தர், அவர் பொண்டாட்டி சின்னி, இனிப் பிறக்கும் பிள்ளைகளும்னு போட்டிருக்கு. அடிமைன்னு எழுதியிருக்காங்க. பொண்ணுக்குச் சீதனமா குடுத்திருக்காங்க."

அது வேறு வேலனாக இருக்கும் என்றேன். ஊரின் பெயராக இருக்கலாம் என்றேன். அடிமை வைக்கலாம் என்று ஊருக்குச் சட்டம் எழுதியவன் ஒல்லாந்தன் என்றேன், அவன் எழுதி வைத்ததே உங்கள் வழக்கத்தைத்தான் அங்கிள் என்றது. தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இப்படி ஓலை இருக்கிறது, அதைத்தான் ஆராய்கிறேன் என்று அது ஆறுதலுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் இது அங்கேயிருந்து வந்த பழக்கம் என்றேன். அந்தப் பிள்ளை பூதக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியது.

வலன்ரைன் பக்கத்தில் சுத்தியலோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது, அனுப்ரியாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, இரண்டுபேருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் பாலம். வேலன், சின்னி என்று என்னவோ கேட்டதே, அது என்ன என்று கேட்டான். அத்தான், அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ தெரியாது. நான் மாமரம் என்றேன். இரண்டு மாமரம். மரத்துக்குப் பெயர் வைப்பீர்களா என்றான். எங்கள் வழக்கம் என்றேன். கடைசியில் ஏதோ நீளமாக வாசித்ததே என்றான். இனிக் காய்க்கப்போகிற மாங்காயும் சேர்த்தி என்றேன்.

நூலகத்துப் பிள்ளை பற்றிக்கும் அங்கே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது என் பொல்லாத காலம். அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அனுப்ரியா மெற்றோவுக்கு ஓடிய பிறகு, தமிழர்கள் மரங்களுக்குப் பெயர் சூட்டி மகளோடு சீதனமாக அனுப்பும் மென்மையான மக்கள் என்று தானே ஒரு குறிப்பு எழுதி, பிளாஸ்ரிக் உறை போட்டு ஒட்டிவிட்டான். அடுத்தநாள் பக்கத்துக் காடரி என்கிற பாலர் காப்பகத்திலிருந்து நூலகத்துக்கு வந்த சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கதையாகவும் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழாவுக்கு நானும் மலரும் போனபோது ஓலைக்குக் கீழே ஒரு சித்திரம் தொங்கியது. இரண்டு மரம், இரண்டுக்கும் கண், மூக்கு, வாய், கை கால். கையைப் பிடித்துக்கொண்டு நின்றன. வேலன், சின்னி என்று கோணல்மாணலாகப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருந்தது. கிளைகளில் சின்னச் சின்ன மாங்காய், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரித்த முகம். அந்தக் குழந்தைகள் எனக்கு முன்னாலேயே உண்மைக்குக் கிட்டப் போய்விட்டன.

மலர் குறிப்பை வாசித்துவிட்டு எந்த மாமரம் என்று கேட்டாள். நான் உடுப்பு மாட்டுகிற மூலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லி, இது உன் அண்ணையின் ஓலைதானே, எனக்கென்ன என்று முடித்தேன்.

"இருவது வருசமா எங்கட ஓலை, எங்கட ஓலை எண்டு ஆணியடிச்சு வச்சிருந்தியள். வியாழக்கிழமையிலயிருந்து அது அண்ணையின்ர ஓலையோ," என்றாள். "போய் அந்த மனிசனிட்டைச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். பெரிய மன்னிப்புக்கான பிரெஞ்சு எனக்குத் தெரியாது. மெற்றோவில் காலை மிதித்தால் சொல்கிற 'பர்தோன்' ஒன்றுதான் தெரியும், அதையே இரண்டு தரம் சொன்னேன். வலன்ரைன் தன்னுடைய தாளைக் காட்டினான். தமிழ் தெரிந்திருந்தால் அவன் எங்கள் ஊர்க்காரன் மாதிரித்தான் கதைப்பான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"என்ர கடதாசியில கோவேறு கழுதைக்குப் பிறகுதான் மனிசர் வருகினம். மாட்டுக்குப் பிறகு பேரோட வாறது மரமில்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நீ எப்ப சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். உன்ர பூட்டி செய்ததுக்கு உன்னோட கோவிக்கேலாது, நீ அப்ப பிறக்கேல்லை. ஆனா இந்த ரெண்டு மரத்தையும் நட்டது நீ. எனக்கு முன்னால நிண்டு நட்டனி."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களின் மேசையில் சாப்பிட்டான். நான் தனியே இருந்து என் கத்தரிக்காயை நானே சாப்பிட்டேன், அவன் இல்லாமல் அதில் ஒரு ருசியும் இல்லை. வேலையை மாற்றிக்கொண்டு போய்விடலாமோ என்றுகூட யோசித்தேன். வியாழக்கிழமை வந்து எனக்கு முன்னால் இருந்தான். ஊறுகாய்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு, வேலன் என்பதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டான். நான் சொல்லிக்கொடுத்தேன், மூன்றாம் தரம் சரியாகச் சொன்னான். பிறகு இருவருமாகப் போய்ப் பற்றிக்கிடம் உண்மையைச் சொன்னோம். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் ஒட்டிய குறிப்பைத் தானே சுரண்டி எடுத்தான். அனுப்ரியா புதுக் குறிப்பு எழுதியது. உங்கள் தகவல்காரர் பார்த்தது அதைத்தான். சித்திரத்தை மட்டும் கழற்றவேண்டாம் என்று வலன்ரைன் சொல்லிவிட்டான்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். வருகிற ஞாயிறு முடிவுவிழா. அவனுடைய தாளில் உள்ள பெயர்களை நான் வாசிக்கவேண்டுமாம், வேலனையும் சின்னியையும் அவன் வாசிப்பானாம். ஆனால் 'இனிப் பிறக்கும் பிள்ளைகளும்' என்ற வரியை மட்டும் ஓலைக்குரிய வீட்டு ஆள்தான் எழுந்து நின்று வாசிக்கவேண்டுமாம். நான் அந்த வீட்டு ஆள் இல்லையே. ஓலை வீடு உங்கள் வீடு, நான் அங்கே பெண் எடுத்தவன் மட்டும்தான். அதனால் ஓலையை உடனே அனுப்பிவிடு என்று நீங்கள் அந்தச் செய்தியில் கேட்டது எனக்கும் வசதியாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிற ஒருவரிடம் ஓலையைக் கண்ணாடியோடு பொதிசெய்து அனுப்பிவிடுகிறேன். ஓலை இல்லையென்றால் வரி இல்லை, வரி இல்லையென்றால் நிற்கவும் தேவையில்லை. உங்கள் பக்கத்துப் பொருள் உங்கள் பக்கத்துக்கே வந்து சேரும், என் மனமும் ஆறும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. நெடுஞ்சாலையில் பனி வழுக்கும், கார் ஓட்டும்போது கவனம். எல்லோரும் நீண்டகாலம் நோய்நொடி இல்லாமல் இருக்க நல்லூரான் துணை.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத,
இரவிச்சந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மலர் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டாள். அவள் கோவிக்கவில்லை, சிரித்தாள். பிறகு முதல் வரியில் விரலை வைத்தாள்.

"தாய்மாமன்ர மகன் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள். அப்ப உங்கட அம்மா, என்ர மாமி, ஆர்? என்ர அப்பாவின்ர கூடப்பிறந்த தங்கச்சி. அந்த ஓலையில சீதனம் வாங்கின பூட்டி எங்களுக்கு மட்டுமே பூட்டி? நீங்கள் விமானம் ஏறின காணியில துலா மிதிச்சது ஆரெண்டு நினைக்கிறியள்?"

கேட்டுவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். ஐம்பத்தைந்து வயதில் வெட்கமாக இருந்தது, அத்தான், அதையும் எழுதிவைக்கிறேன். ஆகவே மேலே 'உங்கள் பக்கம்' என்று வருகிற இடமெல்லாம் 'எங்கள் பக்கம்' என்று திருத்தி வாசிக்கவும். நானே வெட்டி எழுதப் பார்த்தேன், அண்ணை அப்படியே வாசிக்கட்டும் என்று மலர் சொல்லிவிட்டாள். ஓலை வெள்ளிக்கிழமை வராது. அதே பஸ் ஸ்காபரோவிலிருந்து இங்கேயும் வருகிறது. அந்த ஒரு வரியைச் சமையலறையில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், 'பிள்ளைகளும்' என்ற இடத்தில் குரல் நின்றுவிடுகிறது. நீங்கள் பக்கத்தில் வந்து நின்றால் வாசித்துவிடுவேன். பனிச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.