பட்டுச் சூட்டில் தேய்த்த கார்டு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகம் என்பது, அவள் நாளுக்கு நாலு தடவை அம்மாவைக் கூப்பிட்டு நெஞ்செரிச்சல் முதல் கால் வீக்கம் வரை ஒப்பிப்பதால் எனக்கே மனப்பாடம். ஆகவே அந்த விசாரிப்பை விட்டுவிடுகிறேன். போனில் பேசி வந்த வினைதான் இது என்பதால் இந்தத் தடவை கைப்பட எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கப் படிக்க உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். டிக்கெட் கிடைத்துவிட்டது. கையைவிட்டுக் காசு போகாமல், முழுக்க முழுக்கக் கார்டுப் பாயிண்டிலேயே. பிரசவத்துக்கு முன்னாலேயே இங்கிருந்து ஆள் வந்து இறங்கிவிடும். அப்பாடா!

லாண்டரியைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு வந்த ஒரே வியாதி கிரெடிட் கார்டு வாங்குவது என்பது உங்களுக்குத் தெரியும். கடை வாசலில் மேஜை போட்டுக்கொண்டு யாராவது “சார், ஒரு நிமிஷம்” என்றால் எனக்கு மறுக்க வராது. நானும் மேஜைக்குப் பின்னால் நின்று வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டுப் பிழைத்தவன்தானே. ஒரு கார்டுக்குக் குடை கொடுத்தார்கள், இன்னொன்றுக்கு பிளாஸ்க், இன்னொன்றுக்குச் சுவர்க் கடிகாரம். பர்ஸை மூட முடியவில்லை. பாயிண்டோ ஒவ்வொன்றிலும் எறும்புக்குப் போடும் அளவுக்குத்தான் இருந்தது. கூட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு பாங்கின் பாயிண்ட் இன்னொரு பாங்கின் பாயிண்டோடு பேசாதாம், கல்யாணத்தன்று முறைத்துக்கொண்ட நம் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் மாதிரி. அப்போது நீங்கள்தான், “மாமா, ஒரு குடும்பத்துக்கு மூணு போதும். பெட்ரோலுக்கு ஒண்ணு, மளிகைக்கு ஒண்ணு, மத்த எல்லாத்துக்கும் ஒண்ணு. மிச்சத்தை முடிச்சு விடுங்க” என்றீர்கள். முடித்தேன். உங்கள் அத்தை அந்த மூன்றுக்கும் டிரைவர், சமையல்காரன், எடுபிடி என்று பெயர் வைத்தாள். எடுபிடியிடம் சேரும் பாயிண்டுக்குத்தான் விமான டிக்கெட் என்றதும் அவள் எடுபிடியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தாள்.

உங்கள் யோசனையில் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உலகம் மூன்றாகப் பிரிந்திருக்கவில்லை மாப்பிள்ளை. பெரிய மளிகைக் கடைக்குள்ளேயே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. போன வாரம் அங்கே என் முட்டிவலி மாத்திரையை வாங்கி, இது சமையல்காரனா எடுபிடியா என்று தெரியாமல் நின்றேன். கல்லாவில் இருந்த பெண்ணிடம், “ஏம்மா, இந்த மாத்திரை மளிகையா மருந்தா?” என்று கேட்டேன். “சாப்பிடறதுதானே சார், எதுவா இருந்தா என்ன?” என்றாள். விளக்கப் போனேன். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர், “பெரியவரே, நீங்க முடிவு பண்றதுக்குள்ள எனக்கும் முட்டி வலி வந்துடும்” என்றார். வெட்கத்தோடு எடுபிடியை நீட்டினால் மெஷின் ஏற்க மாட்டேன் என்றது. பின் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்து உட்கார்ந்து அது வில்லாக வளைந்திருந்தது. “வளைஞ்சிருக்கு சார், நேரா இருந்தாத்தான் எடுக்கும்” என்றாள் அந்தப் பெண். கையில் இருந்த காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நான் நிமிரும்போதுதான் உங்கள் போன் வந்தது.

நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் எழுதுகிறேன்: “மாமா, டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சந்தான் குறையுது. அந்த மூணாவது கார்டை இந்த வாரம் நல்லா தேய்ங்க, சரியாப் போயிடும்.” உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஊரெல்லாம் அப்படித்தான் பேசுகிறதாம். ஆனால் நான் கார்டைப் போடுவேன், நீட்டுவேன், இழுப்பேன்; தேய்த்தது கிடையாது. தேய்ப்பது என்றால் எனக்கு இஸ்திரிப் பெட்டி, அதைத் தவிர வேறு அர்த்தம் என் காதுக்கு எட்டவே எட்டாது. வளைந்த கார்டு கையில் இருக்கும்போது மாப்பிள்ளை தேய்க்கச் சொல்கிறார், படித்தவர், காரணம் இல்லாமலா சொல்வார் என்று நினைத்தேன். பருத்திச் சூடு வைத்தால் தாங்காது என்று பட்டுச் சூடு வைத்து, மேலே ஒரு துணி போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, தொழில் சுத்தமாக ஒரே இழுப்பு இழுத்தேன். துணியை எடுத்தால் கார்டும் சேர்ந்து வந்தது. அந்தத் துணி உங்கள் அத்தை பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சால்வை.

அவள் சால்வையை வாங்கிப் பார்த்தாள். உருகிய கார்டு போக, தங்க நிறச் சில்லு மட்டும் சால்வை ஓரத்தில் பளபளவென்று ஒட்டியிருந்தது. “இனிமே கடையில நான் தோளைக் காட்டினாப் போதும், இல்லையா?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, “பாயிண்டெல்லாம் போச்சா? என் பொண்ணு தனியாப் பெத்துக்கணுமா?” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை, எத்தனையோ பேருடைய நல்ல துணியில் சூடு போட்டிருக்கிறேன், ஈடு கட்டியிருக்கிறேன். ஆனால் இதை எதைக் கொடுத்து ஈடு கட்டுவது? டிக்கெட்டைக் காசு கொடுத்து எடுக்க நமக்கு ஏது வக்கு?

பாங்குக்குப் போன் போட்டேன். அதை அழுத்து, இதை அழுத்து என்று அலைக்கழித்து ஒரு வழியாக ஒரு பெண் வந்தாள்.

“கார்டு தொலைஞ்சு போச்சா சார், திருடு போச்சா?”

“ரெண்டும் இல்லம்மா. தேய்ச்சுட்டேன்.”

“எல்லாரும் தேய்க்கத்தான் சார் செய்வாங்க. எவ்வளவுக்குத் தேய்ச்சீங்க?”

“பட்டுச் சூட்டுலதான் தேய்ச்சேன்.”

“என்ன சூடு சார்?” என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் இருமினாள், தண்ணீர் குடித்தாள், கூட இருந்தவர்களுக்கும் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நாலைந்து பேர் இருமினார்கள். கடைசியில் அவள் சொன்ன வார்த்தை தேன் மாதிரி இருந்தது: “பாயிண்ட் கார்டுல இல்லைங்க சார், உங்க கணக்குல இருக்கு. பத்திரமா இருக்கு. புதுக் கார்டு வந்துடும்.” அப்பாடா என்று இஸ்திரி மேஜைமேல் உட்கார்ந்தேன், அது உடைந்தது, அதைப் பற்றிக் கவலையில்லை. குறைகிற பாயிண்டுக்கு வழி உண்டா என்று கேட்டேன். ரொம்ப நாள் வாடிக்கைக்காரர் என்று போனஸாக அவளே போட்டுவிட்டாள். கையோடு டிக்கெட்டும் போட்டுத் தருகிறேன் என்றாள். கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். உங்கள் அத்தை அழுத கண்ணோடேயே பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

ஆகவே நீங்கள் நிம்மதியாக இருக்கவும். மூன்று கார்டு என்பது அருமையான ஏற்பாடு. யார் கேட்டாலும் சொல்வேன். என் மகளுக்கு என் ஆசிகள். அம்மா வருகிறாள், பயப்பட வேண்டாம் என்று சொல்லவும். போனில் பேசும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். முறைப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது என்று சொல்லவும். நீங்கள் பல்லாண்டு நல்லபடியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இதைப் போட்டோ பிடிக்கப் போகும்போது டிக்கெட் வந்து சேர்ந்தது. பயணி பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பெண், “பேரு சொல்லுங்க சார்” என்றபோது நான் சந்தோஷத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாயிண்டில் எடுத்த டிக்கெட்டை மாற்ற முடியாதாம். இன்னொன்று எடுக்கப் பாயிண்டும் இல்லை. உங்கள் அத்தை பெட்டியிலிருந்து தன் துணிகளை எடுத்து என் சட்டைகளை வைத்தாள். “நீங்களே போய்ட்டு வாங்க. நான் போன்ல சொல்லச் சொல்லச் செய்ங்க. உங்களுக்கும் அவ பொண்ணுதானே?” என்றாள். எனக்கு வெந்நீர் மட்டும் வைக்கத் தெரியும். விமான நிலையத்துக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். மகளிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொன்னால், அவளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஒரு வருஷமாக ஏக்கம்தான் மாப்பிள்ளை. என்னை வரச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை.