எழுபது பவுண்டுக்காரர்

உலகத்தில் எழுபது பவுண்டுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றாலும், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே கொஞ்சம் அடர்த்தியாக வாழ்கிறார்கள். கோடையில் புல் வெட்டுவார்கள், குளிர்காலத்தில் பனி அள்ளுவார்கள், இடையில் இலையுதிர் காலம் வந்ததும் வில்லைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், மான் வேட்டைக்கு. வில் என்றதும் சுயம்வர மண்டபத்தில் வைத்திருந்ததை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். அதன் நாணை இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்பது அவரவர் உடம்புக்குத் தக்கபடி கடையில் திருகி வைக்கிற சமாசாரம். ஐம்பதிலேயே மான் அழகாக விழும். ஆனால் எழுபதுக்குக் கீழே ஓர் எண்ணைச் சொல்ல இந்த இனத்துக்கு வாய் வராது. சட்டை அளவைக் கேளுங்கள், சொல்வார். ரத்தக் கொதிப்பைக் கேட்கவே வேண்டாம், தானே சொல்வார். வில் எத்தனை பவுண்டு? எழுபது. வேறு பதில் கிடையாது.

வெண்டல் ஹாகனை எடுத்துக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டி ஆலையில் மேற்பார்வையாளர், ஐம்பத்தெட்டு வயது. பனியில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து அவருடைய வலது தோள் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடும். ஒரு வசந்த காலத்தில் அவர் தன் பழைய வில்லின் மீது தானே டிரக்கைப் பின்னோக்கி ஏற்றிவிட்டார். ஐயோ என்று அவர் சொன்ன அழகைப் பார்த்து மனைவி லினெட்டுக்குச் சந்தேகம் வந்தது. அது வருத்தப்படுகிற குரல் இல்லை, புது வில்லுக்கு வழி பிறந்துவிட்ட குரல்.

கோடை முழுக்க ஆராய்ச்சி நடந்தது. எந்த வில்லின் அம்பு எத்தனை வேகத்தில் பாயும், எந்தச் சக்கரம் சத்தம் போடாது, எந்த வில் கையில் அதிராது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து, சாப்பாட்டு மேஜையில் கரண்டியை வில்லாகவும் முள்கரண்டியை அம்பாகவும் பிடித்து லினெட்டுக்கு விளக்கி, உருளைக்கிழங்கு ஆறிப்போய், கடைசியில் ஊரில் விற்கிற அத்தனை வில்லின் ஜாதகமும் அவருக்கு மனப்பாடம். தன் தோளின் ஜாதகத்தை மட்டும் பார்க்கவில்லை. எந்த எழுபது பவுண்டுக்காரர் பார்த்திருக்கிறார்?

வில் கடை டார்லீனுடையது. எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. நாணை எவ்வளவு நீளம் இழுக்க வேண்டும் என்று தெரிய முதலில் கைகளை விரிக்கச் சொல்லி அளந்தாள். வெண்டல் மார்பைப் புடைத்து, விரல்களைக்கூட நீட்டி, பறக்கத் தயாராக நின்றார்.

"மூச்ச விடு வெண்டல். உன் கையத்தான் அளக்கறேன்." வெண்டல் விடவில்லை.

பிறகு முக்காலியில் உட்காரவைத்து, கையை மேலே தூக்காமல் நேராக நீட்டி இழுக்கச் சொல்லி, ஐம்பத்தைந்து பவுண்டு வில் ஒன்றைக் கொடுத்தாள். நாண் வெண்ணெயில் கத்தி போல வந்து கன்னத்தில் நின்றது. வெண்டலுக்கு அவமானமாகிவிட்டது. இவ்வளவு சுகமாக வருகிற பொருளை ஓர் ஆண்பிள்ளை எப்படி வாங்குவது? போதாக்குறைக்குப் பக்கத்தில் சாராயக்கடைச் சிநேகிதர்கள் இருவர் கையுறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இது லினெட்டுக்குச் சரியா இருக்கும்" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, எழுபதைக் கேட்டார்.

எழுபதைக் கூரையை நோக்கித் தூக்கினார். பல்லைக் கடித்தார். முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. கழுத்தில் இதுவரை தெரியாத நரம்பொன்று தலைகாட்டியது. எப்படியோ நாண் வந்துவிட்டது. பொருந்துகிறதா என்று டார்லீன் கேட்டாள்.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

அதன்பின் நடந்ததை அவருடைய இடது முன்கை சொல்லும். புடைத்த மார்புக்கு எடுத்த அளவல்லவா? இழுப்பு நீளம் அதிகம். விடுகிற ஒவ்வொரு அம்புக்கும் நாண் கையில் ஓர் அறை விட்டுவிட்டுப் போயிற்று. ஊதாவாகக் கன்றியதைப் பார்த்து லினெட் கேட்டபோது, ஆலையில் பாலாடைக்கட்டிப் பாளம் விழுந்தது என்றார். தினமும் ஒரே இடத்தில் விழுகிற பாளம்.

நவம்பரில் அந்தக் கலைமான் வந்தது. மூன்று வருஷமாக ஓடையோரம் பார்த்து ஏங்கிய மான், கொம்பே ஒரு சிறு மரம்போல இருக்கும். விடிந்ததிலிருந்து மரத்தில் கட்டிய இருக்கையில் வெண்டல் குளிரில் விறைத்து உட்கார்ந்திருந்தார். மேலே தடிமனான கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் அந்தத் தோள். மான் இருபது அடிக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. இழுத்தார். நாண் அசையவில்லை. வில்லை வானத்தை நோக்கித் தூக்கி இழுத்தார். பாதி வந்து நின்றது. இன்னொரு தடவை இழுத்தபோது நாண் வரவில்லை, அவர் வாயிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. மான் நிமிர்ந்து பார்த்தது.

ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை. அது ஓடவில்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, கீழே கிடந்த கருவாலி மரத்துக் கொட்டையைத் தின்று முடித்து, சாவகாசமாக அவருடைய மச்சான் கோர்டி உட்கார்ந்திருந்த பக்கம் நடந்து போயிற்று. வெண்டலுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. குளிர் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

மான் தன் பக்கம் வரவேயில்லை என்று கோர்டியிடம் சொன்னார். தன் பக்கம் வந்ததாகவும், கிளை மறைத்துவிட்டதாகவும் கோர்டி சொன்னான்.

அடுத்த வாரம் வெண்டல் டார்லீனுக்குப் போன் செய்து, தாழ்ந்த குரலில், நாண் ஏதோ சத்தம் போடுகிறது என்றார். நாண் சத்தம் போடுகிறவர்களெல்லாம் செவ்வாய்க்கிழமை பின்வாசல் வழியாக வருவார்கள் என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை பின்வாசலில் டிரக்குகள் வரிசையாக நின்றன. உள்ளே நீள பெஞ்சில், சாராயக்கடையில் எழுபது எழுபது என்று மேஜையைத் தட்டுகிற அத்தனை பேரும், ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருப்பவர்கள்போல மடியில் வில்லை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆள் கோர்டி. வெண்டல் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன மச்சான், இங்க?"

"நாண் மாத்தணும் மாப்ளே. நீ?"

"நானும் நாணுக்குத்தான்."

உள்ளேயிருந்து டார்லீன் குரல் கொடுத்தாள். "அடுத்தது யாரு? அம்பதா, அம்பத்தஞ்சா?"

பெஞ்சு முழுக்கக் கூரையைப் பார்த்தது. கோர்டி மட்டும் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்குக் கிளையெல்லாம் மறைக்கல மாப்ளே. என்னால இழுக்க முடியல."

வெண்டல் அவன் பக்கம் திரும்பினார். "உன்னப் பாத்தாவது ஓடிச்சா?"

"இல்ல."

"என்னப் பாத்தும் ஓடல."

இருவரும் நகர்ந்து ஒருவரையொருவர் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டார்கள். இடித்தது வலிக்கிற தோள்தான். வெண்டல் நகரவில்லை.

டார்லீன் கேள்வி எதுவும் கேட்காமல் நீளத்தைக் குறைத்து, பலத்தை ஐம்பத்தைந்துக்கு இறக்கித் தந்தாள். டிசம்பரில், பனி பெய்து ஓய்ந்த ஒரு காலையில், ஒரு பெட்டை மான் வந்தது. வெண்டல் உட்கார்ந்தபடியே, கோட்டோடு, சத்தமில்லாமல் இழுத்தார். அம்பு போனதே தெரியவில்லை. மான் நாலடி நடந்து சாய்ந்தது. எத்தனை பவுண்டு என்று அது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாராயக்கடையில் மீன் வறுவலைச் சுற்றி எல்லோரும் கூடியிருந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் மான் கதையைக் கேட்டுவிட்டு, வில் எத்தனை பவுண்டு என்று விசாரித்தார். வெண்டல் கோர்டியைப் பார்த்தார். கோர்டி மீனில் முள் தேடினான்.

"எழுபது" என்றார் வெண்டல்.

லினெட்டுக்கு மட்டும் புரையேறியது. மற்றவர்கள் மரியாதையோடு கோப்பையை உயர்த்தினார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் வில்லைத் தொட்டதில்லை, மானைக் கம்பி வேலிக்கு அப்பால்தான் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் பீரோவின் அடித்தட்டில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு பேண்ட் இருக்கிறதே, கடைக்காரன் ஒரு அளவு பெரியதாக எடுங்கள் சார் என்று கெஞ்சியும் கேட்காமல் வாங்கி வந்தீர்களே, அது யாருடைய இடுப்புக்கு?