மரப்பட்டைப் பேனும் மாமனார் தோட்டமும்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆழமாகப் படித்தவனைப் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. நான் ஆழமாகப் படித்தது மரப்பட்டைப் பேன். எள்ளளவுப் பூச்சி, தலையில் ஏறாது, இரத்தம் குடிக்காது. பட்டையில் படியும் பாசியையும் பூஞ்சையையும் மேய்ந்துகொண்டு தன் பாட்டுக்குக் கிடக்கும். (பேன் என்று கேட்டதுமே மூன்று வீட்டார் தலையைச் சொறிந்துகொண்டு வேண்டாம் என்றுவிட்டார்கள்.) அதனால் குழித்துறைப் பக்கம் ஷீபாவின் வீட்டுக்குப் புறப்படும்போது அம்மா, "பூச்சி ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு மக்கா, பேன் பேச்சை எடுக்கப்பிடாது" என்று சத்தியம் வாங்கினாள். ஷீபாவை ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன். இந்த இடமும் தட்டிப்போனால் என்னால் தாங்க முடியாது.

ஷீபாவின் அப்பா ரப்பர் தோட்டக்காரர். முன்னால் தள்ளிய, அகன்ற நெற்றி.

"தம்பிக்கு எந்தப் பூச்சியில ஆராய்ச்சி?"

சத்தியம் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. "மரப்பட்டைப் பேனாக்கும். ஒங்க தோட்டத்துலயே கெடக்கும், வாங்க காட்டுதேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். கூட வந்த தாய்மாமா கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன்.

ரப்பர் மரத்தடியில் வகுப்பு தொடங்கியது. "மீசை நூல் கணக்கா நீளமா இருக்கும். சிறகை ஓட்டுக்கூரை மாதிரி சரிச்சு வச்சிருக்கும். நெத்தி மட்டும் புடைச்சு முன்னால தள்ளி நிக்கும். உள்ள மூளையின்னு நெனைக்கப்பிடாது, ஈரத்த உறிஞ்சுததுக்கு உள்ள தசையாக்கும்."

ஷீபாவின் அப்பா தன் நெற்றியை மெல்லத் தடவிக்கொண்டாராம். மாமா பிறகு சொன்னதுதான். நான் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தின மழையில் பட்டை நனைந்திருந்தது. ஒரு பேனையும் காணோம். நனையாத பட்டை எங்கே இருக்கும்? ரெயின்கார்டுக்கு அடியில். மழைக்காலத்திலும் பால் வெட்டுவதற்காக, வெட்டுக்கு மேலே தார் பூசி மரத்தைச் சுற்றி ஒட்டுகிற பிளாஸ்டிக் அது. அந்த வாரம்தான் ஷீபாவின் அப்பா தன் கையாலேயே ஒட்டியிருந்தார். விர்ரென்று உரித்தேன்.

கூட்டமாக ஓடின. "பாத்தியளா" என்றேன், வகுப்பில் முதலாவது வந்தவனைப்போல. ஒரு மரத்தில் இருந்தால் தற்செயல் என்பார்களே என்று அடுத்த மரத்திலும் உரித்தேன். அதற்கடுத்ததிலும். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

அப்போது மழை சடசடவென்று இறங்கியது. தண்ணீர் மரத்தோடு வழிந்து வெட்டுக்குள் புகுந்து, பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைகளை நிறைத்தது. காலையில் வெட்டிய பால் மண்ணில் வெள்ளையாக ஓடியது. பதறிப்போய் பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன். மரத்தில் ஒட்டவில்லை. தார் என் கையில் ஒட்டியது, கையிலிருந்து வேட்டிக்கும் முகத்துக்கும் போயிற்று. அவர் நிறைந்த சிரட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனார். திட்டியிருந்தால் தேவலை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

வீட்டு வாசலில் ஷீபா தாரைத் துடைக்க மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக நின்றாள்.

"அந்தப் பூச்சி மரத்துக்குக் கேடு செய்யுமா?"

"ஒரு கேடும் செய்யாது" என்றேன், அந்தக் கோலத்திலும் உறுதியாக.

"அப்பம், மரத்துக்கு ஒங்களாலதான் கேடு" என்று துணியை நீட்டினாள்.

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அவள் அப்பா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. இன்றும் மழைக்காலம் தொடங்குமுன் மாமனார் ஷீபாவுக்கு ஃபோன் செய்வார். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் கேட்பது இது: "மோளே, மருமொவன் இந்த வாரம் இஞ்ச வாறாரா? வந்துட்டுப் போவட்டும், பெறவு ரெயின்கார்டு ஒட்டுதேன்."